இல்லாத நாலாம் அத்தியாயம்

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து சமீபத்தில் வெளிவந்த ஆராய்ச்சிகளில் பாதி, நான் போட்ட போட்டில்தான் வெளியே வந்தது. சரி, பாதி என்பது கொஞ்சம் தாராளம். என் பேரப்பிள்ளைகள் நான் எதைச் சொன்னாலும் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்கள்; நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகு மிச்சம் நிற்பது ஒரே ஓர் அத்தியாயம். அதையும் நான் எழுதவில்லை, என் நாத்தனார் எழுதினாள். ஆனால் அவளை உட்கார வைத்து எழுத வைக்க நான் பட்ட பாட்டுக்கு, அந்த நேரத்தில் நானே ஒரு கலைக்களஞ்சியம் எழுதி முடித்திருக்கலாம்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் வரலாற்றுப் பேராசிரியை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அவளுடைய ஆராய்ச்சி தெருவிளக்குகளைப் பற்றியது. மின்சாரம் வருவதற்கு முன்னால், கம்பத்தின் உச்சியில் எண்ணெய் விளக்கு எரிந்த காலம். எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு வந்தது, யார் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள், யார் கல்லெறிந்து உடைத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால், தட்டில் இருப்பது ஆறி அவலாகிவிடும். தெருவில் போகிற நாய்கூட வாசலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும். பேச்சில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுதச் சொன்னால்தான் முதுகு வலிக்கும், மூக்கு அடைக்கும், மேசை விளக்கில் வெளிச்சம் போதாது, வெளிச்சம் போதுமானால் கண் கூசும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரை எழுதினாள். நல்ல கட்டுரை என்று எல்லாரும் சொன்னார்கள். அதில் ஓரிடத்தில், தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பழைய நகரத்தில் முதல் விளக்குகள் வணிகர் தெருவுக்குத்தான் வந்தன, திருட்டுப் பயத்தில் பெரிய கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள் என்று ஒரு வரி. அதை விளக்கப் பக்கத்தில் இடமில்லை. அதனால் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'விரிவாகக் காண்க, வெளிவரவிருக்கும் என் நூல், அத்தியாயம் நான்கு.'

அந்த நூலும் வெளிவரவில்லை, அத்தியாயமும் எழுதப்படவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் கால் முளைத்துவிட்டது. வேறோர் ஊரில் வேறொருவர், 'நாலாம் அத்தியாயம் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது' என்று எழுதினார். இன்னொருவருக்கு அவரைக் கண்டால் ஆகாது. 'நாலாம் அத்தியாயத்தின் வாதம் சற்று அவசரப்பட்டது' என்று மறுத்தார். மூன்றாமவர் இரண்டு பேருக்கும் சமாதானம் செய்துவைத்து, 'அந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு இரு தரப்பின் நியாயமும் புலப்படும்' என்று முடித்தார். நிதானமாகப் படிக்க அது எங்கேயாவது இருந்தால்தானே! நாளடைவில் பல்கலைக்கழகத்தில் என் நாத்தனாருக்கே 'நாலாம் அத்தியாயம்' என்று பெயர் வந்துவிட்டது. நடைபாதையில் அவள் வந்தால், "நாலாம் அத்தியாயம் வருது, வழி விடுங்க" என்பார்கள்.

அவள் சோம்பேறி இல்லை. அதை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. விடிந்ததும் மேசையில் உட்கார்ந்துவிடுவாள். முதலில் மேசையைத் துடைப்பாள். துடைத்த மேசையில் புத்தகங்களை உயர வரிசையில் அடுக்குவாள். அடுக்கும்போது ஒன்றைப் புரட்டுவாள். புரட்டியதில் இன்னொரு புத்தகத்தின் பெயர் இருக்கும். அதைத் தேடி அலமாரிக்குப் போவாள். அலமாரி ஆடுகிறது என்று அதற்கு ஆப்பு வைப்பாள். அதற்குள் பல்கலைக்கழகத்துக்கு நேரமாகிவிடும். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "புத்தகம் முடியட்டும்" என்றுதான் சொன்னாள். காத்திருந்தவர்களில் ஒருவருக்குத் தாடி முழங்காலைத் தொட்டுவிட்டது. முழங்கால் இல்லை, மார்பு. ஆனால் தாடி நிஜம்.

ஒருநாள் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, மாட்டிக்கிட்டேன்."

"யார்கிட்ட?"

"ஒரு பொண்ணுகிட்ட. இப்பதான் போன் பண்ணினா."

வெளியூரில் ஒரு பெண் தன் ஊர்த் தெருவிளக்குகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்திருந்தாள். அதற்கு அஸ்திவாரமே நாலாம் அத்தியாயம்தான். அவளும் அதைப் படிக்கவில்லை. அதைப் படித்தவர்கள் என்று தான் நம்பியவர்களைப் படித்திருந்தாள். வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் பொல்லாத மனிதர். மேற்கோள் காட்டிய ஒவ்வொன்றையும் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பவர். எல்லாரும் பார்த்ததாகச் சொல்லும் அந்த அத்தியாயத்தைத் தான் மட்டும் பார்த்ததில்லை என்றும், அது கைக்கு வந்தால்தான் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. புது வகுப்புகள் தொடங்குவதற்குள் பட்டம் கையில் இல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"கடைசியா ஒருதரம் திருத்திட்டு அனுப்பறேன்னு சொன்னேன்."

"எதைத் திருத்துவே?"

"அதான் அண்ணி எனக்கும் தெரியல."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "எழுதலைன்னு உள்ளதைச் சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

"அண்ணா, அவ ஆய்வேட்டுல பக்கத்துக்குப் பக்கம் நாலாம் அத்தியாயம்தான். இல்லாத ஒண்ணைப் படிச்சேன்னு எழுதினவள்னு அவளைத்தான் பிடிப்பாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் 'வெளிவரவிருக்கும்'னுதானே போட்டிருக்கேன்." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆக, எழுதித்தான் ஆகவேண்டும். வேறு வழியில்லை.

அன்றைக்கே எழுத ஆரம்பித்திருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்கள் பேராசிரியர்களோடு குடித்தனம் நடத்தியதில்லை. அன்று முழுக்க ஓர் எழுத்துத் திட்டம் தயாரித்தாள். படிக்கும் நேரத்துக்குப் பச்சை, எழுதும் நேரத்துக்குச் சிவப்பு, ஓய்வுக்கு ஊதா. ஊதா நிறம் சரியாக வரவில்லை என்று பேனா வாங்கக் கடைக்குப் போனாள். பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு உதவியது. 'எழுத நேரம் ஒதுக்குவது எப்படி' என்று ஒரு பயிலரங்கம் நடத்தியது. காலை முதல் மாலை வரை ஒரு நிபுணர் பேசினார். எழுதுவதற்கு இருந்த நேரம் அதில் போயிற்று.

அப்போதுதான் எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் உயிரை விட்டது. தானாக விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரர், வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருள்களையெல்லாம் 'சும்மா ஒரு பார்வை' பார்க்க ஆரம்பித்திருந்தார். அவர் பார்த்த கடிகாரம் பின்னோக்கி ஓடியது. அவர் பார்த்த மின்விசிறி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டில் இறங்கியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது நின்றுதான் போனது. இயந்திரத்தையும் பார்த்தார். அதன் பிறகு அது துவைக்கவில்லை, குதித்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரி இருந்தது. நாமே துணியைப் போட்டு, துவைத்து எடுத்துக்கொண்டு வரும் கடை. துணி மூட்டையை ஒருத்தியாகத் தூக்க முடியாது என்று நாத்தனாரைக் கூட இழுத்துக்கொண்டு போனேன். சுவரோரம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த இயந்திரங்கள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள், சோப்பு வாசனையோடு ஒரு வெதுவெதுப்பு, புகை படிந்தாற்போல் ஈரம் பூத்த ஜன்னல். புத்தகம் என்று சொல்ல ஒரு துண்டுத் தாள் கிடையாது. துணி உள்ளே சுழன்றுகொண்டிருக்கும்போது விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

நாத்தனார் தவித்தாள். சோப்புப் பாக்கெட்டின் முதுகைப் படித்தாள். 'இயந்திரம் ஓடும்போது கதவைத் திறக்காதீர்கள்' என்று சுவரில் இருந்ததைப் படித்துவிட்டு, "திறக்க முடியாத கதவைத் திறக்காதேன்னு எதுக்கு எழுதறான்?" என்றாள். என் கைப்பையில் கிழித்த காலண்டர் தாள்கள் சில இருந்தன. பேனாவோடு அவற்றை அவள் மடியில் வைத்தேன்.

"எனக்குச் சொல்ற மாதிரி எழுது. விளக்குக் கதையை."

"ஆதாரமெல்லாம் மாடியில இருக்கு அண்ணி."

"ஆதாரம் வேண்டிய இடத்துல ஒரு கோடு போட்டுட்டு மேல போ."

"மோசமா வருமே."

"வரட்டும். உள்ள போன துணி மட்டும் சுத்தமாவா போச்சு?"

முறைத்தாள். பிறகு எழுதினாள். எழுதினாள் என்றால், பேனா தாளில் பட்ட இடத்தில் புகை வந்தது என்றே சொல்வேன். இயந்திரம் ஓர் உறுமல் உறுமி நின்றதும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயோ அண்ணி, வாக்கியம் பாதியில நிக்குது!"

"நிக்கட்டும். ஓடிப் போயிடாது. நாளைக்கு வந்து முடி."

அன்று முழுவதும் அந்தப் பாதி வாக்கியம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது உதடு அசைந்தது. மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே, மாடியிலிருந்து தலையணை உறைகளை அள்ளிக்கொண்டு அவளே இறங்கி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதி வாக்கியத்தின் மீதியை எழுதினாள். அது அடுத்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வந்தது. மேசை துடைக்கும் வேலை, அலமாரிக்கு ஆப்பு வைக்கும் வேலை எதுவும் அங்கே இல்லை. அப்படியே பழக்கமாகிவிட்டது. இயந்திரம் சுற்றினால் பேனா சுற்ற வேண்டும், அது நின்றால் இது நிற்க வேண்டும். எழுதியதைத் திரும்பிப் படிக்கவே கூடாது.

எங்கள் வீட்டு மனிதர்கள் அணிந்து அழுக்காக்கும் வேகத்தை அவள் எழுத்து தாண்டிவிட்டது. துவைக்கத் துணி போதவில்லை. துவைத்ததையே துவைத்தோம். லாண்டரிக்காரர் நல்ல மனிதர், குறும்புக்காரர். ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இந்தச் சட்டை நேத்துதான் வந்துச்சு. காயறதுக்கு முன்னாடி மறுபடி எப்படிம்மா அழுக்காச்சு?"

"எங்க வீட்டுக்காரர் அப்படி உழைக்கிறார்" என்றேன்.

"ஐயாவையே ஒருநாள் கொண்டுவந்து போட்டுடுங்களேன், பெரிய மெஷின்ல கொள்வார்."

நாலாம் அத்தியாயம் எழுதப்படுகிறது என்ற செய்தி பல்கலைக்கழகத்தில் பரவியது. முதலில் யாரும் நம்பவில்லை. புள்ளியியல் துறையில் ஒருவர் இருக்கிறார். எதையும் எண்ணிப் பார்த்துத்தான் நம்புவார். அதனால் எல்லாரும் அவரைப் 'புள்ளி' என்பார்கள். அவர் ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வேவு பார்க்க வந்தார். அதை மட்டும் இயந்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தவர், அன்று தன் கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதிவிட்டுத் திகைத்துப்போய்க் கிளம்பினார். மறுநாள் போர்வையோடு வந்தார். போர்வைக்கு இயந்திரம் கூடுதல் நேரம் ஓடும். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். மூட்டையும் முடிச்சுமாகப் பேராசிரியர்கள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தவர்கள், பல்கலைக்கழகத்தில் தண்ணீர் நின்றுவிட்டது என்று நினைத்தார்கள். ஊரின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் துவைத்துத் துவைத்துக் கண்ணாடி போலாகிவிட்டன. பாடம் நடத்தும்போது பின்னால் இருக்கும் கரும்பலகை அவர்கள் வழியாகவே தெரிந்தது.

எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் ஒன்று நன்றாக நடந்தால் அதற்கு ஒரு குழு போடாமல் இவர்களால் இருக்க முடியாது. புள்ளிதான் ஆரம்பித்தார்.

"இதுக்கு முறையா விதிகள் வேணும். கைக்குட்டைக்கு ஒரு விதி, போர்வைக்கு ஒரு விதி. விதிமுறைக் குழு ஒண்ணு போடுவோம்."

குழு இயந்திரம் ஓடும் நேரத்தில்தான் கூடியது. உறுப்பினர் என்றால் யார், விருந்தினர் என்றால் யார், சொந்தத் துணி இல்லாதவர் எழுதலாமா என்று விவாதித்தார்கள். விதி இரண்டுக்கு உட்பிரிவு வந்தது, உட்பிரிவுக்கு விளக்கம் வந்தது. பேனாக்கள் எல்லாம் சட்டைப் பைக்குள் போய்விட்டன. என் நாத்தனார், அந்தப் பெண்ணின் தேதி நெருங்குவதையே மறந்து, விளக்கத்துக்குத் திருத்தம் சொல்ல எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், உட்காரவில்லை.

மறுநாள், விதிமுறைகளின் முழு வரைவும் பையில் இருந்த புள்ளியின் சட்டை, துவைக்கக் கொண்டுவந்த மற்ற துணிகளோடு இயந்திரத்துக்குள் போய்விட்டது. வெளியே வரும்போது பையில் ஒரு வெள்ளை உருண்டைதான் இருந்தது. பையைத் தடவிப் பார்க்காமல் போட்டது யார் என்று இன்னும் விசாரணை நடக்கிறது. அவருக்குத்தான் வயதாகிவிட்டது என்று நான் சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வரைவை மறுபடி எழுத வேண்டுமென்றால் எழுத வேண்டுமே! அதற்கு யாரும் முன்வரவில்லை. குழு கலைந்தது, பேனாக்கள் வெளியே வந்தன.

நாத்தனாரின் காலண்டர் தாள்கள் ஒரு கட்டாகச் சேர்ந்தன. படபடவென்று முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனாவை மடியில் போட்டுவிட்டாள்.

"அண்ணி, 'ஆகவே'ன்னு போட்டேன். அதுக்கப்புறம் வண்டி நகர மாட்டேங்குது."

"ஆகவே என்ன?"

"ஆகவே வணிகர்கள் கேட்டதாலதான் விளக்கு வந்தது. ஆனா மேல எழுதியிருக்கறது எதுவும் அங்க கொண்டுபோய் விடல. நான் கோடு போட்டு வச்ச இடமெல்லாம் அந்த ஒரே இடத்துலதான் இருக்கு."

மற்ற இடங்களிலெல்லாம் அவள் தலைக்குள்ளேயே ஆதாரம் இருந்தது. இந்த ஓர் இடத்தில் மட்டும் இத்தனை காலமும் தன் அடிக்குறிப்பையே ஆதாரமாக நம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மாடிக்குப் போனவள் மேசையைத் துடைக்கவில்லை. பெட்டிகளைக் கவிழ்த்து, நகரசபையின் பழைய குறிப்புகளில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் தேடினாள். இறங்கி வந்தபோது கையிலும் முகத்திலும் ஒட்டடை.

"வணிகர் தெருவுக்கு முதல்ல வரல அண்ணி. குப்பை வண்டி போற வழிக்குத்தான் முதல்ல வந்திருக்கு. இருட்டுல வண்டி மாடுங்க சாக்கடையில விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. வணிகர் தெரு அந்த வழியில நடுவுல இருந்தது, அவ்வளவுதான். நாலாம் அத்தியாயம் தப்பு."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஒருவர் நிறுவி, ஒருவர் மறுத்து, ஒருவர் சமாதானம் செய்துவைத்த அந்தப் பெரிய வணிகர்களெல்லாம் ஒரு மாட்டு வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் ஆய்வேடு முழுக்க அந்த வணிகர்களின் தோள்மேல் நிற்கிறதே.

லாண்டரியில் இதைச் சொன்னதும் புள்ளி குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு ஏன் மேடம் இவ்வளவு கவலை? 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தை போடுங்க. 'பெரும்பாலும் வணிகர்களின் செல்வாக்கால்'. யார் போய் குப்பை வண்டியைப் பாக்கப் போறாங்க? பொண்ணுக்குப் பட்டம் கிடைச்சிடும். அப்புறமா நிதானமா திருத்திக்கலாம்."

நாத்தனாரின் கை காலண்டர் தாளில் அந்த வார்த்தையை எழுதிப் பார்த்ததை நான் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. அது எங்கே வைத்தாலும் பொருந்தும் வார்த்தை.

"நிதானமா திருத்திக்கலாம்னுதான் சார் இவ்வளவு தூரம் வந்திருக்கு" என்று சொல்லி அதை அடித்தாள். 'ஆகவே' என்பதற்குப் பிறகு குப்பை வண்டியை எழுதினாள். அத்தியாயம் முடிந்தது. உடனே அங்கேயே, இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில், அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்பது எனக்குப் பிடிக்காது. அதனால் வெளிப்படையாகவே கேட்டேன்.

"அம்மா, நாலாம் அத்தியாயம் முடிஞ்சிடுச்சு."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்!"

"தேங்க்ஸ் சொல்லாதே. அது இத்தனை நாளும் இல்லவே இல்ல. இப்பதான் எழுதினேன். எழுதிப் பாத்தா, நான் சொன்னது தப்புன்னு வருது."

லாண்டரிக்காரர்கூடத் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார். பிறகு அந்தப் பெண் சொன்னதை நான் அப்படியே எழுத முடியாது. இதைப் பிள்ளைகளும் படிப்பார்கள். மரியாதை குறையாமல் திட்டினாள், 'மேடம்' என்று முடியாத வாக்கியமே இல்லை. நாத்தனார் ஒவ்வொன்றுக்கும், "ஆமாம்மா" என்றாள். திட்டி முடித்து, மூக்கைச் சிந்தி, அவள் கேட்டாள்: "குப்பை வண்டியா சொன்னீங்க?"

"குப்பை வண்டிதான்."

"எங்க ஊர்லயும் ஒரு வண்டிப் பாதை இருக்கு மேடம். பழைய வரைபடத்துல. விளக்குக் கம்பமெல்லாம் அதுமேலயே வருது. உங்க நாலாம் அத்தியாயத்தோட ஒத்து வரலைன்னு நான்தான் அதை எடுத்துட்டேன்."

"மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பி வா" என்றாள் நாத்தனார். "வரைபடத்தையும் கொண்டு வா. அழுக்குத் துணி இருந்தா அதையும் கொண்டு வா, இங்க ரொம்பத் தட்டுப்பாடா இருக்கு."

வந்தாள். ஒல்லியாக, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு, முதல் நாள் என் நாத்தனாரின் முகத்தையே பார்க்காமல் மாடியில் தங்கினாள். இரண்டாம் நாள் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் வரைபடத்தைத் தரையில் விரித்து, ஒருத்தி ஒரு பக்கமும் மற்றவள் மறுபக்கமும் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். காலையில் லாண்டரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் பாதி ஆய்வேட்டை மாற்றி எழுத வேண்டியிருந்தது. எழுதியதைத் திரும்பிப் படிக்கக் கழுத்தைத் திருப்பினால் நாத்தனார் தொடையில் தட்டுவாள். "மேடம், மோசமா இருக்கு மேடம்" என்று அவள் சிணுங்கினால், "உள்ள போற துணி சுத்தமாவா போகுது?" என்று என் வசனத்தையே எடுத்துவிட்டாள், காப்புரிமை இல்லாமல். புள்ளி தன் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து இவர்களுக்காக இயந்திரத்தை ஓடவிட்டார். 'பெரும்பாலும்' சொன்னதற்குப் பரிகாரமாக இருக்கலாம். எப்படியோ, தேர்வாளருக்கு நாலாம் அத்தியாயமும் திருத்திய ஆய்வேடும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் வந்தது.

நாங்கள் எல்லாரும் போனோம். வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பின்னால் உட்காரலாம். தேர்வாளர் ஆறடிக்கு மேல் உயரம், மேசையில் கையை வைத்தால் மேசை நடுங்கும். ஆய்வேட்டைத் தூக்கிப் பிடித்து இடிமுழக்கம் போல் கேட்டார்: "உங்கள் ஆய்வு யாருடைய கருத்தின்மேல் எழுந்ததோ, அவரே அது தவறு என்கிறார். இப்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" அறையில் மூச்சு விடும் சத்தமில்லை. அந்தப் பெண் புலி மாதிரி எழுந்தாள். வரைபடத்தைச் சுழற்றி விரித்தாள். வண்டி மாடுகளையும் சாக்கடைகளையும் விளக்குக் கம்பங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர்மேல் ஏவினாள். அவர் கேட்கக் கேட்க நாற்காலியில் சரிந்து, தண்ணீர் குடித்து, கைதட்டி எழுந்து, "இந்த நூற்றாண்டின் ஆய்வு இதுதான்" என்று அறிவித்தார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பட்டம் அங்கேயே...

"அண்ணி, பேனாவைக் கீழ வைங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டாள். லாண்டரியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்; வேறெங்கே எழுத வருகிறது எனக்கு?

"என்ன இது, புலி, இடி? அந்த மனுஷன் உங்க தோள் உயரம்தான் இருந்தார். மெதுவாதான் பேசினார். பின்னால எங்களுக்கே சரியா கேக்கல."

"கேள்வி அதேதானே?"

"கேள்வி அதேதான். பதில்தான் நீங்க எழுதினது இல்ல. அவளுக்குப் பேச்சே வரல. ரொம்ப நேரம் வரைபடத்தைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னா. நான் பாக்க முடியாம தரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் சொன்னா, 'முதல்ல அழுதேன் சார். அப்புறம் திரும்ப எழுதினேன்'னு. அவர் எதையோ குறிச்சுக்கிட்டு, 'போதும்மா, உக்காருங்க'ன்னார். அவ்வளவுதான். கைதட்டினது நீங்க ஒருத்திதான், அதுக்கும் உங்களை வெளிய போகச் சொன்னாங்க. பட்டம் கிடைச்சதும் வேலை கிடைச்சதும் மட்டும் நிஜம், அதை அடிக்காம விடுங்க."